முன்பக்கத் தொட்டி

தண்ணீர் திருட்டு ரேடியோவில் வந்த அன்று மத்தியானம், கான்ஸ்டபிள் ஃபூர்னியே என் சமையலறை மேசையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, பழைய மீன் ஆலையின் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். ஆலைக்கு நான்தான் காவலாள். என்னிடம் ஒன்று, முதலாளியம்மா ரொவீனாவிடம் ஒன்று என்றேன். முழுப் பொய் இல்லை. ஆனால் தண்ணீர் போனதாக அவர்கள் சொன்ன அந்த வாரத்தில், சனிக்கிழமை காலை முழுவதும், என் சாவி என் தம்பி லேவியின் சட்டைப்பையில் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, மிஸ்டர் ஃபைஃபீல்ட்."

"யோசிச்சாச்சு."

அவர் கியூபெக்கிலிருந்து மாற்றலாகி வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. சின்ன வயசுப் பெண். நான் பேசாமல் இருந்தால் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று நினைத்துக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே பனி கிடைமட்டமாகப் போய்க்கொண்டிருந்தது.

"பூட்டு உடையல. ஜன்னல் உடையல. இருபத்திரண்டாயிரம் லிட்டர் தண்ணி. பக்கெட்டுல தூக்கிட்டுப் போக முடியாது. பெரிய வண்டி வந்திருக்கணும். அந்த வாரம் புதுசா ஏதாவது வண்டி பாத்தீங்களா?"

"இல்ல."

"இந்த டேவர்ஸ் ரீச்ல முந்நூறு பேர் இருக்கீங்க. முந்நூறு பேரும் அதையேதான் சொல்றீங்க."

அவர் போன பிறகு ஆறிப்போன டீயைக் குடித்தேன். அறுபத்தோரு வயதில் போலீஸிடம் முதல்முறையாக ஒன்றை மறைத்திருக்கிறேன். சுலபமாகத்தான் வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திருட்டுப் போனது பனிப்பாறைத் தண்ணீர். மே மாதக் கடைசியில் பாறைகள் வடக்கேயிருந்து எங்கள் கரையோரமாக வரும். லேவி தன் படகை எடுத்துக்கொண்டு போவான். பெரிய பாறையிடம் யாரும் நெருங்குவதில்லை. அது எப்போது புரளும் என்று அதற்கே தெரியாது. எட்ட நின்று துப்பாக்கியால் விளிம்பில் சுடுவான். உடைந்து விழும் துண்டுகளை வலை போட்டு இழுத்து, படகில் ஏற்றி, ஆலையின் படகுத்துறைக்குக் கொண்டுவருவான். அங்கே கழுவி, அரைத்து, உருக்கித் தொட்டியில் நிரப்புவோம். குளிர்காலத்தில் ரொவீனாவின் லாரி வந்து செயின்ட் ஜான்ஸுக்கு எடுத்துப் போகும். அங்கே கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, கழுத்தில் ஒரு சின்னச் சீட்டைக் கட்டி, எங்கெங்கோ அனுப்புவார்கள். பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால் விழுந்த பனி என்று அந்தச் சீட்டில் இருக்கும்.

அதற்கு என்ன ருசி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஒரு ருசியும் இல்லை. ருசி இல்லாததற்காகத்தான் வாங்குகிறார்கள். ஒருமுறை ஒரு ஜெர்மன் பெண்மணி எங்கள் படகுத்துறையில் நின்று ஒரு தம்ளர் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அழுதார். நாங்கள் ஆறு பேர் பூட்ஸுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எனக்குப் பிடித்தது தண்ணீர் இல்லை, உருகாத துண்டு. அதை ஒரு கிளாஸ் ரம்மில் போட்டுக் காதருகே பிடித்தால் சின்னச் சின்னதாக வெடிக்கும். உள்ளே அடைபட்ட காற்று வெளியே வருகிறது. யாரும் பேசாத வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். "பத்தாயிரம் வருஷத்துக் குசு," என்பான் லேவி. "அதப் போயி சர்ச்சுல உக்காந்த மாதிரி கேக்குறான் பாரு என் அண்ணன்."

திருட்டுச் செய்தி பரவிய வேகம் எங்களுக்குப் பழக்கமில்லாதது. திருடனைக் கண்டுபிடிப்பது சுலபம், தாகமே எடுக்காத ஆள் யாரென்று பாருங்கள் என்று ரேடியோக்காரர் சிரித்தார். டொராண்டோவிலிருந்து கேமராவோடு இரண்டு பேர் வந்து காலித் தொட்டியைப் படம் எடுத்தார்கள். தண்ணீர் இருந்தபோது ஒருவரும் வந்து தொட்டியைப் படம் எடுத்ததில்லை. பாட்டில் கேட்டு ஒரு வருஷத்தில் வராத அழைப்புகள் ஒரு வாரத்தில் வந்துவிட்டன என்று ரொவீனா போனில் சொன்னார். "விக்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல, கார்லண்ட்," என்றார். குரலில் தூக்கமில்லாதது தெரிந்தது.

ஊருக்குள் வேறு விதமான கலவரம். கான்ஸ்டபிளின் ஜீப் தபால் ஆபீஸ் வாசலில் நின்றதும், அங்கே வேலை செய்யும் டல்சி தானாகவே வெளியே வந்து, போன இலையுதிர் காலத்தில் பீட்ரூட் ஊறுகாய் போடுவதற்காக இரண்டு கேன் எடுத்ததாக ஒப்புக்கொண்டாள். "மேல ஒண்ணும் எடுக்கல, கண்ணு. வேணும்னா பாட்டிலத் திருப்பித் தந்திடறேன். பீட்ரூட்டோட." பாதிரியார் ஒரு ஞானஸ்நானத்துக்கு அரைக் கேன். ஒருவன் காரின் பேட்டரிக்கு. ஒருத்தி தன் பூனைக்கு; அதற்குச் சிறுநீரகக் கோளாறு. இரண்டு நாளில் நாற்பது பேர் ஒப்புதல் தந்திருந்தார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் முந்நூறு லிட்டர் தேறவில்லை.

இந்தச் சில்லறை எடுப்பு ரொவீனாவுக்குத் தெரியாததில்லை. அதனால்தான் போன ஆகஸ்டில் தொட்டியின் மேல் ‘பனிப்பாறைத் தண்ணீர்’ என்று இருந்த எழுத்தை அழிக்கச் சொன்னார். நான்தான் சாம்பல் பெயிண்ட் அடித்தேன். மிச்சம் இருந்த பெயிண்டை வீணாக்க வேண்டாமென்று, ஆலையின் மறுபக்கத்தில் இருந்த கிணற்றுநீர்த் தொட்டிக்கும் அடித்தேன்.

ஆனால் கான்ஸ்டபிளுக்கு நாற்பது பேர் தேவைப்படவில்லை. ஒருவன் போதும். அந்த ஒருவன் யார் என்று ஊரே வாய் திறக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது.

நவம்பரில் ரொவீனா லேவியைக் கூப்பிட்டு, அடுத்த கோடையிலிருந்து கிரேன் வைத்த பெரிய படகு ஒன்று வரப்போகிறது, நீ வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஒன்பது வருஷம் அவருக்குப் பாறை பிடித்தவன் அவன். அன்று சாயங்காலம் கிளப்பில், எல்லோரும் கேட்கும்படி, "அந்தத் தண்ணி என் கையால வந்துச்சு. என் கையாலயே போவும்," என்றான். குடித்திருந்தான். லேவி குடித்துவிட்டுச் சொல்வதைக் குடிக்காமல் செய்கிறவன். அடுத்தவன் கூண்டிலிருந்து நண்டு எடுத்ததற்காக அவன் நான்கு மாதம் உள்ளே இருந்ததும் அப்படித்தான். இன்னொரு வழக்கு வந்தால் மீன்பிடி உரிமம் போய்விடும் என்று அப்போதே நீதிபதி சொல்லி அனுப்பினார். உரிமம் போனால் லேவியிடம் மிச்சம் இருப்பது வாய் மட்டும்தான்.

அந்தச் சனிக்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்து, ஆலையில் தன் பழைய வலை ஒன்று கிடக்கிறது, எடுக்க வேண்டும் என்று சாவி கேட்டான். கொடுத்தேன். எனக்குக் காய்ச்சல், கூடப் போகவில்லை. பதினோரு மணிக்குத் திரும்பி வந்தான். கையில் வலை இல்லை. சாவியை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, என்னைப் பார்த்தான். ஐம்பத்து நான்கு வருஷத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. டீ குடிக்காமல் போய்விட்டான். நான்கு நாள் கழித்துப் புதன்கிழமை ரொவீனாவின் லாரி வந்தது. டிரைவர் ஹோஸை மாட்டி வால்வைத் திறந்தார். தொட்டி ஒருமுறை இருமியது. அவ்வளவுதான்.

அந்தப் பார்வையைத்தான் நான் இரண்டு வாரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலில் கொட்டியிருப்பான். விற்பதற்காக எடுக்கிற ஆள் இல்லை. ஒன்பது வருஷ உழைப்பைப் படகுத்துறைப் பலகைகளின் இடுக்கு வழியாகக் கடலுக்கே திருப்பி அனுப்பியிருப்பான். அதில் ஒரு நியாயம் இருப்பதாகக்கூட எனக்குச் சில சமயம் தோன்றியது. பிறகு வெட்கமாக இருக்கும்.

அடுத்த வாரம் இருவரும் விறகு வெட்டப் போனோம். வருஷா வருஷம் போவதுதான். மூன்று மணி நேரம் ரம்பத்தின் சத்தம். பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். கண்ணாடி எங்கள் மூச்சில் மங்கியது.

"அந்தப் போலீஸ் பொண்ணு உங்கிட்ட வந்துச்சா?" என்றான் லேவி.

"வந்துச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"சாவி."

"நீ என்ன சொன்னே?"

"ரெண்டு சாவின்னு சொன்னேன்."

அவன் மெதுவாக மென்றான். விழுங்கினான். "நல்லது. எங்கிட்ட கேட்டா நானும் அதையேதான் சொல்வேன். செத்தாலும் அதான்."

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும். என் தம்பி எனக்கு நன்றி சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். மீதி வழி முழுவதும் நான் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை கான்ஸ்டபிள் மறுபடி வந்தார். இந்த முறை உட்காரவில்லை. கிளப்பில் லேவி பேசியதை மூன்று பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்கள், திங்கட்கிழமை அவனை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகிறேன் என்றார். "உங்க தம்பிங்கறதால முன்னாடியே சொல்றேன். நீங்க ஏதாவது சொல்லணும்னா இப்ப சொல்லுங்க."

நான் வாசல் கதவைத் திறந்துவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். போனார்.

சனிக்கிழமை முழுவதும் யோசித்தேன். சாவியைப் பற்றிச் சொன்னால் அவனை நானே பிடித்துக் கொடுத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால், அவனே சொல்லிவிட்டால், நானும் சேர்ந்து போவேன். இரண்டில் எதைப் பற்றி எனக்கு அதிகப் பயம் என்று கேட்டுப் பார்த்தேன்.  நேராக ஒரு கேள்வியை அவனிடமே கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் ஆலைக்குப் போனேன். கேமராக்காரர்களும் போலீஸும் நடந்து நடந்து தரை முழுக்கச் சேறு. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. கழுவிவிடலாம் என்று பக்கெட்டை எடுத்துக்கொண்டு சாலைப் பக்கம் இருக்கும் கிணற்றுநீர்த் தொட்டிக்குப் போனேன். மீன் கழுவிய காலத்திலிருந்து இருக்கும் தொட்டி அது. அதன் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். சதுப்பு நிலத்திலிருந்து வருவதால் அப்படி. குடிக்க மாட்டோம், மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான். குளிருக்கு முன் ஒருமுறை நிரப்பினால் வசந்தம் வரை மறுபடி நிரப்ப மாட்டோம்.

வால்வைத் திறந்தேன். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. பக்கெட் நிரம்பியது. வழிந்தது. என் பூட்ஸைச் சுற்றி ஓடியது. நான் வால்வை மூடாமல் நின்றுகொண்டிருந்தேன்.

ஏனென்றால் அந்தத் தொட்டியில் தண்ணீர் இருக்கக் கூடாது.

ஜனவரிக் கடைசியில், காய்ச்சலோடு நான் படுத்திருந்தபோது, அசரியா போன் செய்தான். எங்கள் ஊர்த் தீயணைப்புப் படைக்கு அவன்தான் தலைவன். படை என்றால் ஒன்பது பேரும் ஒரு வண்டியும். வருஷா வருஷம் சர்ச் மைதானத்தில் தண்ணீர் பாய்ச்சி உறையவிட்டுச் சறுக்குத் திடல் போடுவதும் அவர்கள் வேலை. அதற்குக் கிணற்றுநீர் ஆலையிலிருந்து போகும். எப்போதும் நான்தான் உள்ளே போய் ஹோஸை மாட்டி வால்வைத் திறந்துவிடுவேன்; அவர்கள் வெளியே வண்டியோடு நிற்பார்கள். இந்த முறை எழுந்திருக்க முடியவில்லை. "நீயே எடுத்துக்க," என்றேன். "முன்பக்கத் தொட்டி. நிறைஞ்சுதான் இருக்கு. காலி பண்ணிக்க." சாவி கேட்கவில்லை அவன். ஊரில் உள்ள எல்லாப் பெரிய கட்டடத்துக்கும் படையிடம் ஒரு சாவி உண்டு. தீப்பிடித்தால் வேண்டுமே. அதை யாரும் சாவி என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

அது ஒரு வியாழக்கிழமை. லேவி சாவி வாங்கியதற்கு இரண்டு நாள் முன்பு.

வால்வை மூடிவிட்டு, நடக்கக்கூட இல்லை, கிட்டத்தட்ட ஓடினேன். சர்ச்சில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. திடலில் யாரும் இல்லை. பனியைக் கையுறையால் துடைத்தேன். வழக்கமாக எங்கள் திடல் பழுப்பாக இருக்கும். பழுத்த பல் மாதிரி. இது கண்ணாடி. அடியில் போன கோடையின் புல் தெரிந்தது. ஒவ்வொரு தாளாக. ஒரு ஐஸ்கிரீம் குச்சி தெரிந்தது. சாவி முனையால் ஒரு துண்டைப் பெயர்த்து வாயில் போட்டேன். ஒரு ருசியும் இல்லை. இன்னொரு துண்டைக் காதருகே பிடித்துப் பார்த்தேன். வெடிக்கவில்லை. ஒருமுறை உருகி மறுபடி உறைந்ததற்கு உள்ளே காற்று இருக்காது. ஆனாலும் எனக்கு அந்தக் கணம் அந்த நிசப்தத்தை விட நல்ல சத்தம் வேண்டியிருக்கவில்லை. பனியின் மேல் மண்டியிட்டபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். கால் மரத்துப் போயிற்று.

அசரியா சர்ச்சிலிருந்து வந்து சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தான். உப்பிட்ட மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், பட்டாணி மசியல். தட்டாமல் உள்ளே போனேன். இங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை.

"திடலுக்கு எந்தத் தொட்டியிலேருந்து எடுத்தே?"

"நீ சொன்னதுலேருந்துதான்ப்பா. முன்பக்கத் தொட்டி."

"முன்பக்கம்னா?"

"முன்பக்கம்னா முன்பக்கம். படகுத்துறைப் பக்கம். நாலு நடை அடிச்சோம், சொட்டுகூட விடாம. ஐஸ் எப்படி வந்திருக்கு பாத்தியா இந்த வருஷம்? குளிர் அப்படி."

 அசரியா என் முகத்தைப் பார்த்தான். முள்கரண்டியைக் கீழே வைத்தான். விஷயம் அவனுக்கு மெதுவாக உறைத்தது.

"பனிப்பாறைத் தண்ணி பின்பக்கத் தொட்டியிலதான இருக்கு," என்றான். "ரோட்டுப் பக்கம். லாரி அங்கதான வந்து ஏத்துது."

"லாரி நிக்கிறது அங்க. ஹோஸ் கட்டடத்துக்குள்ளாற வருது."

"கடவுளே." பிறகு மனைவியைப் பார்த்து, "தட்ட எடுத்துரு, கண்ணு. என்னால முடியாது. பத்தாயிரம் வருஷத் தண்ணி மேல நேத்து நான் விழுந்து எழுந்தேன்."

திங்கட்கிழமை காலை கான்ஸ்டபிள் லேவியின் வீட்டுக்குப் போகும் முன் நாங்கள் அவரை ஆலைக்குக் கூப்பிட்டோம். எல்லாவற்றையும் கேட்டார். நம்பவில்லை. ஆலையின் நடுவில் எங்களை நிற்க வைத்து, "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முன்பக்கத்தக் கை காட்டுங்க," என்றார்.

அசரியாவின் கை கடலைக் காட்டியது. என் கை சாலையைக் காட்டியது.

"எத்தன வருஷமா ஒரே ஊர்ல இருக்கீங்க?"

"பொறந்ததுலேருந்து," என்றான் அசரியா. "கட்டடம் எந்தப் பக்கம் பாக்குதோ அதுதான முன்பக்கம்? இது கடலப் பாக்குது. கடலுக்குப் பின்பக்கத்தக் காட்டிட்டு எவனாவது ஆலை கட்டுவானா? மீன் எந்த வழியா வந்துச்சு?"

"நான் முப்பது வருஷம் லாரியில ஏத்துற ஆபீஸ்ல இருந்தேன்," என்றேன். "வாசல் அங்கதான்."

"ரோடு வந்தது எப்போ? நாம ஸ்கூலுக்குப் போனப்புறம். அதுக்கு முன்னாடி இந்தக் கட்டடத்துக்கு முன்பக்கமே இல்லையா?"

கான்ஸ்டபிள் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு தீயணைப்பு வண்டி பட்டப்பகல்ல இங்கேயும் சர்ச்சுக்கும் நாலு தடவ போயிருக்கு. ஊர்ல ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லல."

"புது வண்டி பாத்தீங்களான்னுதான கேட்டே," என்றான் அசரியா. "அது தொண்ணூத்தோராம் வருஷ மாடல்."

அவர் சிரிக்காமல் இருக்க முயன்றது தெரிந்தது. படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை என்று முணுமுணுத்தார். அசரியா வெளியே போன பிறகு என்னிடம் திரும்பினார்.

"ரெண்டு சாவின்னு சொன்னீங்க. இப்ப மூணு ஆச்சு. நாலாவது ஏதாவது இருக்கா?"

நான் தரையைப் பார்த்தேன். பதிலுக்கு என்னிடம் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. வெளியே கடல்காக்கை ஒன்று கத்தியது. அவர் காத்திருந்தார், ஆனால் முதல் நாள் மாதிரி இல்லை. பிறகு நோட்டை மூடினார்.

"நீங்க பேசாம இருக்கறதும் ஒரு பதில்தான்னு இப்பத்தான் பழகுது," என்றார். "திருட்டே இல்லங்கும்போது எனக்கு எதுக்கு சாவி."

ரொவீனாவுக்கு நானே போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். 

"அது இப்ப ஐஸா இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"அதும்மேல ஹாக்கி ஆடுறாங்களா?"

"தினமும். நேத்து பாதிரியார் கோல் போட்டாரு."

அவர் மூச்சு விட்டது கேட்டது. பிறகு அது சிரிப்பாக மாறியது, பிறகு சிரிப்பா என்று சந்தேகமாக இருந்தது. "நம்ம ஆளு யாரோ எம்மேல இவ்வளவு வெறுப்பா இருக்காங்கன்னு நெனச்சு ரெண்டு வாரமா தூங்கல, கார்லண்ட். அத உருக்க வேணாம். அப்படியே இருக்கட்டும். ஒரு படம் எடுத்து அனுப்புங்க."

அந்தப் படத்தை அவர் என்ன செய்தார் என்று தெரியாது. ஆனால் அடுத்த ஞாயிறு தூரத்துக் கேண்டர் நகரத்திலிருந்தெல்லாம் கார்கள் வந்தன. பத்தாயிரம் வருஷத்தின் மேல் சறுக்குவதற்காகக் குழந்தைகளைக் கூட்டி வந்திருந்தார்கள். ஒரு ஆள் எல்லோரும் பார்க்கக் குனிந்து நக்கினான்.

ஆனால் அதற்கு முன்பு, அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே, லேவியிடம் போனேன். தன் கொட்டகையில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு நண்டுக் கூண்டுகளின் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். கையில் பின்னல் ஊசி. சட்டை துவைத்துப் போட்டிருந்தான். போலீஸ் வருவதற்காக என்று புரிந்தது.

"யாரும் வரமாட்டாங்க," என்றேன். "தண்ணி கெடச்சாச்சு."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு நீளமாகப் பேசிப் பழக்கமில்லை. நடுவில் இரண்டு முறை தொலைந்து போனேன். அவன் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டான். முடித்ததும் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்போ நீ இல்லையா?" என்றான்.

"என்ன நான் இல்லையா?"

"தண்ணியக் கொட்டினது."

எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. உட்கார இடம் இல்லை.

"வலைன்னு சொல்லிச் சாவி வாங்கினேனே, வலையும் இல்ல கிலையும் இல்ல," என்றான். அடுப்பைப் பார்த்துப் பேசினான். "ஹோஸ மாட்டினேன். மறுமுனைய பலகை இடுக்குல விட்டேன். கடலுக்கு. வால்வத் தெறந்தேன். காத்துதான் வந்துச்சு. ஒரு இருமல். எனக்கு முன்னாடி நீ வந்துட்டேன்னு நெனச்சேன்."

"நான் எதுக்கு செய்யணும்?"

"எனக்காக."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. அந்தச் சனிக்கிழமைப் பார்வையின் மேல் நான் இரண்டு வாரம் கட்டிவைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது. வண்டிக்குள் ரொட்டி தின்றபோது அவன் சொன்னது நன்றி இல்லை. வாக்குறுதி.

"நான் உன்னத்தான் நெனச்சேன்," என்றேன். அதைச் சொல்லாமல் அந்தக் கொட்டகையை விட்டு வர முடியாது என்று தெரிந்தது.

"நீ நெனச்சது சரிதான். ரெண்டு நாள் லேட்டு, அவ்வளவுதான்." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "அசரியா மட்டும் முன்பக்கத்தச் சரியாப் புரிஞ்சுட்டிருந்தா இப்ப நான் ஜீப்புல இருப்பேன். அந்தக் கிழவனுக்கு ஒரு பாட்டில் வாங்கித் தரணும். எதுக்குன்னு சொல்லாம."

"சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

அவன் மறுபடி கூண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நான்கைந்து கண்ணிகள் பின்னினான். நான் கதவோரமே நின்றேன். நெஞ்சில் இரண்டு வாரமாக இருந்த எடை போய்விட்டது. அது இருந்த இடம் மட்டும் இன்னும் வலித்தது.

"ஆனா ஒண்ணு," என்றான். "ரெண்டு வாரமா எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? கார்லண்ட் ஃபைஃபீல்ட், வாயத் தெறக்காதவன், சட்டத்தத் தாண்டாதவன், தம்பிக்காக ஒரு காரியம் பண்ணிட்டான். அதையே நெனச்சுட்டுப் படுப்பேன். இப்பப் பாத்தா எல்லாம் ஒரு சறுக்குத் திடலு." ஊசியை இழுத்து முடிச்சை இறுக்கினான். "கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருக்கு."

"பொய் சொன்னேன்," என்றேன். "போலீஸ்கிட்ட. சாவியப் பத்தி. மூஞ்சப் பாத்துக்கிட்டே."

லேவி தலையைத் தூக்கினான். அதை ஒரு மீனை எடை பார்ப்பது போல மனதுக்குள் தூக்கிப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

"ஒரே பொய்யா?"

"ஒண்ணுதான். மத்ததுக்குப் பேசாம இருந்தேன்."

"உனக்கு அது பெருசுதான்," என்றான் கடைசியில். காலால் ஒரு மரப்பெட்டியை என் பக்கம் தள்ளினான். கொக்கியில் தொங்கிய இன்னொரு ஊசியை எடுத்து நீட்டினான். நான் மேல்கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, கூண்டின் மறுபக்கத்திலிருந்து பின்ன ஆரம்பித்தேன். கிழிசல் பெரிதாக இருந்தது. இருட்டுவதற்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.

"கயித்த அவ்வளவு இறுக்காத," என்றான்.

தளர்த்தினேன்.